டீச்சரின் வலைப்பதிவைப் பிரித்துக் கோத்த கதை

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ், பிரிண்டருக்கு மை நிரப்புவது, ஆன்லைன் விண்ணப்பம், சீசன் நேரத்தில் செல்போன் சார்ஜர் விற்பனை. போன தை மாதம் ஒரு நாள் காலை, ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், டீச்சர் வந்து நின்றார். எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்தவர். ஓய்வு பெற்று நாயுடுபுரத்தில் இருக்கிறார். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, கையில் போன்.

“ஏண்டா, நான் எழுதினதை நானே தேடினா கிடைக்க மாட்டேங்குது. என்னன்னு பாரு.”

2006 முதல் 2013 வரை டீச்சர் வலைப்பதிவு எழுதியவர் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2006 குறிஞ்சி பூத்த ஆண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாராம். ஊரில் எந்தெந்த நாளில் உறைபனி விழுந்தது என்று அதில் குறித்து வைத்திருந்தார். இப்போது பேரன் கல்லூரிப் பாடத்துக்காகக் கேட்கிறான், எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

கடைக் கணினியில் “கொடைக்கானல் உறைபனி” என்று தேடினேன். செய்திகள் வந்தன, விடுதி விளம்பரங்கள் வந்தன. டீச்சருடையது இல்லை. சொற்களை மாற்றி மாற்றிப் போட்டதில் கடைசியாக அவர் தளத்திலிருந்து ஒன்று வந்தது: “கொடைக்கானலில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்”. டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அது வேணாம். அது சும்மா எழுதினது.”

இப்படித்தான் ஒரு மாத வேலை தலையில் விழுந்தது. பழைய வலைப்பதிவு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நான் செய்ததையும் சொதப்பியதையும் எழுதி வைக்கிறேன்.

அவர் எழுதிய சேவையின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காலத்தில் தமிழில் பாதிப் பேர் குடியிருந்த இலவச இடம்தான். அமைப்புகள் பக்கத்துக்குப் போய் முழு வலைப்பதிவையும் ஒரே எக்ஸ்.எம்.எல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தது. முதல் வேலையாக அதை இறக்கி இரண்டு பென்டிரைவில் போட்டேன். பதிவு, பின்னூட்டம், வார்ப்புரு, அமைப்பு எல்லாம் ஒரே மூட்டையாக வரும். ஒவ்வொன்றிலும் ‘இது இன்ன வகை’ என்று ஒரு குறிப்பு இருக்கும், அதை வைத்துப் பிரிக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் நாற்பது வரி எழுதிப் பிரித்ததில் 412 பதிவுகள், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னூட்டங்கள், அப்புறம் 37 வரைவுகள். வரைவுகள் இருந்ததே டீச்சருக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் சொதப்பல் தேதியில். கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் நாளும் நேரமும் ஒரே சரமாக இருக்கும். நாள்தானே வேண்டும் என்று முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தேன். பக்கங்களைக் கட்டிப் பார்த்தால் காலையில் எழுதிய குறிப்பெல்லாம் ஒரு நாள் முந்திப் போயிருந்தது. காரணம் எளிது. கணக்கு தொடங்கும்போது நேர மண்டலத்தை மாற்றச் சொல்லி டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை. மென்பொருள் அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்தையே வைத்துக்கொண்டது. நம் ஊர்க் காலை 7 மணி அங்கே முந்தைய நாள் மாலை 5.30. அவர்கள் கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் மாதங்களில் 6.30. பனி விழும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் டீச்சர் எழுதியதெல்லாம் தளத்தில் ‘நேற்று’ என்றே ஏறியிருக்கிறது.

சரத்தின் கடைசியில் நேர வித்தியாசமும் எழுதியிருக்கும். அதையும் சேர்த்துப் படித்து இந்திய நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும், இரண்டு வரி வேலை. ஆனால் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 2007 மார்ச் வாக்கிலிருந்து ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் டீச்சர் தேதியைக் கையாலேயே எழுதியிருக்கிறார். நாள், மாதம், கிழமை. ஏன் என்று கேட்டேன்.

“மேல போடுற தேதி தப்பாவே காட்டுச்சு. எதை மாத்தணும்னு தெரியல. நானே எழுதிட்டா போச்சுன்னு எழுதிட்டேன்.”

அந்த முதல் வரியை வைத்து முந்நூறு பதிவுகளைச் சரிபார்த்தேன். இரண்டைத் தவிர எல்லாம் பொருந்தின. அந்த இரண்டிலும் கிழமையை டீச்சர் தப்பாக எழுதியிருந்தார். சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த சொதப்பல் எழுத்தில். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது தனித்தனி இரண்டு குறியாக. கண்ணுக்கு ஒன்றுதான், தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. பைத்தானில் யூனிகோடை இயல்பாக்கும் ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். வராதது ஔகாரம். அந்தக் காலத்தில் பலரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுவார்கள். ‘பௌர்ணமி’ ‘பெளர்ணமி’ ஆகிவிடும். டீச்சரும் அப்படித்தான் அடித்திருந்தார். நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக எல்லா ‘ெள’வையும் ‘ௌ’ ஆக்கு என்று ஒரே கட்டளையில் மாற்றினேன். பௌர்ணமி சரியானது. ‘வெள்ளை’ அத்தனையும் உடைந்தது. பனியைப் பற்றி எழுதியவர் எத்தனை இடத்தில் வெள்ளை என்று எழுதியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். பென்டிரைவ் பிரதியிலிருந்து திரும்ப எடுத்து, ‘ள’வுக்குப் பின் புள்ளி வந்தால் தொடாதே என்றேன். மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன்.

படங்களில் பெரிய தொல்லை இல்லை. பட முகவரிக்குள் எஸ்320 என்று அளவு குறித்திருக்கும், அதை எஸ்0 என்று மாற்றினால் ஏற்றிய அளவிலேயே படம் வந்துவிடும். வேறோர் இலவசத் தளத்தில் போட்டுவைத்த அறுபது படங்கள் மட்டும் அந்தத் தளத்தோடு போய்விட்டன. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடியதில் 23 கிடைத்தன. ஸ்டாம்ப் அளவுதான், பரவாயில்லை.

நாளும் எழுத்தும் ஒழுங்கானதும் 412 பதிவுகளையும் ஆண்டுவாரியாக வரிசையில் போட்டுப் படித்தேன். சாலை போட மலையை வெட்டிய இடத்தில் மண் அடுக்கடுக்காகத் தெரியுமே, அப்படி இருந்தது.

அடியில் 2006, 2007. மூன்று வரி, நான்கு வரி. தலைப்பு கிடையாது. தலைப்புப் பெட்டியே வேண்டாம் என்று அணைத்து வைக்க அப்போது வழி இருந்தது. “ஜிம்கானா பக்கம் புல்லெல்லாம் வெள்ளை. குழாயில் தண்ணீர் வரவில்லை. பால்காரர் தாமதம்.” இவ்வளவுதான் ஒரு பதிவு.

அதற்கு மேல் 2008 முதல் 2010 வரை. இங்கே தலைப்பு வந்துவிடுகிறது. காரணம் திரட்டி. 2004இல் தொடங்கிய தமிழ்மணத்தை அந்தக் காலத்துப் பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஒரு திரட்டி. பல வலைப்பதிவுகளின் ஓடையை, அதாவது அவை தாமாக வெளியிடும் புதுப்பதிவுப் பட்டியலைப் படித்து, புதிய பதிவுகளையும் புதிதாகப் பின்னூட்டம் விழுந்த பதிவுகளையும் ஒரே பக்கத்தில் காட்டியது. அதன் முகப்பு என்பது தலைப்புகளின் வரிசை, தலைப்பில்லாதவர் அதில் எங்கே நிற்பது? பின்னூட்டம் விழுந்தால் பதிவு மறுபடி முகப்புக்கு வரும் என்றால், பின்னூட்டம் விழும்படி எழுதத் தோன்றாதா? டீச்சர் பதிவுகளின் முடிவில் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று வரத் தொடங்குவது அந்தக் காலத்தில்தான். கீழே மீ த ஃபர்ஸ்ட்டு (முதல் பின்னூட்டம் என்னுடையது), கும்மி (கூட்டமாகச் சேர்ந்து அரட்டை), மொய்க்கு மொய் என்று எல்லாம் நடந்திருக்கிறது. நீ என் வீட்டு விசேஷத்துக்கு வந்தாய், நான் உன் வீட்டுக்கு வருகிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூவாயிரம் பின்னூட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் இந்த மூன்று ஆண்டில் விழுந்தவை. துபாயில் இருந்து ஒருவர் ஒவ்வொரு பனிக்காலமும் “இன்று எப்படி டீச்சர்?” என்று கேட்டிருக்கிறார். திரட்டி இல்லையென்றால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

மேலடுக்கு 2011க்குப் பின். பதிவுகள் நீளமாகின்றன. தலைப்பில் ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் வருகிறது. 10 இடங்கள், 7 உணவுகள், 5 குறிப்புகள். இதற்கு ஒரு பின்கதை உண்டு. கூகுள் 1998இல் தொடங்கியபோது அதன் அடித்தளம் பேஜ்ரேங்க்: ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக எண்ணுவது, ஓட்டுப் போடுபவரின் மதிப்பையும் சேர்த்து எண்ணுவது. வலைப்பதிவர்களோ ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்தே பழகியவர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி, அடிக்கடி புதுச் சரக்கு. ஆகவே ஆரம்பத்தில் தேடலில் வலைப்பதிவுகள் சுலபமாக மேலே வந்தன. மோப்பம் பிடித்தவர்கள் பின்னூட்டங்களில் மருந்துக்கடை இணைப்புகளைக் கொட்ட ஆரம்பித்தார்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என் மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியை ஏற்றுக்கொண்டன. அந்தக் குறி இருந்தால் இணைப்புக்கு ஓட்டு இல்லை. வலைப்பதிவு மென்பொருள்கள் அதைப் பின்னூட்ட இணைப்புகள் எல்லாவற்றிலும் தாமாகவே ஒட்டத் தொடங்கின. டீச்சர் எழுத வந்தபோது மொய்ப் பணம் தேடுபொறியிடம் செல்லாத நோட்டாகிவிட்டது. மனிதர்களிடம் மட்டும்தான் செல்லும்.

அப்படியானால் 10 இடங்கள் எதற்கு? பணத்துக்கா என்றால் இல்லை. தமிழ்த் தளங்களுக்குக் கூகுளின் விளம்பர வருமானத் திட்டமான ஆட்சென்ஸ் திறந்ததே 2018 பிப்ரவரியில்தான். டீச்சரிடமே கேட்டேன். சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். நிர்வாகப் பக்கத்தில் புள்ளிவிவரம் என்று ஒரு படம் வந்ததாம். இன்று எத்தனை பேர், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று. தினமும் பார்ப்பாராம். பனி என்று தேடி யாரும் வரவில்லை. ஊர்ப் பெயரைத் தேடித்தான் வந்தார்கள், அதுவும் ஆங்கில எழுத்தில்.

“அந்தக் கோடு மேல போகணும்னு இருந்துச்சுடா. வேற ஒண்ணுமில்ல. அந்தப் பத்து இடம் எழுதுறப்போ நான் கோக்கர்ஸ் வாக் போயி எட்டு வருஷம்.”

எனக்கு இது திருட்டு விவகாரமாகப் படவில்லை. கரும்பலகையில் மதிப்பெண் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதற்குத்தான் படிப்பார்கள், டீச்சருக்குத் தெரியாததா?

இங்கேதான் அந்த 37 வரைவுகள். திறந்து பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே 2010க்குப் பிறகு எழுதியவை. மூன்று வரி, நான்கு வரி. தலைப்பு இல்லை. முதல் வரியில் தேதி. எந்த நாளில் பனி, எந்தப் பக்கம், குழாய் உறைந்ததா இல்லையா. பனிக்குறிப்பை அவர் நிறுத்தவே இல்லை. எழுதி, சேமித்து, வெளியிடாமல் விட்டிருக்கிறார்.

“மூணு வரியப் பதிவுன்னு போட்டா மொக்கைன்னு சொல்லுவாங்க இல்ல.”

பேரன் கேட்ட விவரத்தில் பாதி அந்த வரைவுகளில்தான் இருந்தது. தேடலில் எப்படிக் கிடைக்கும்?

வெளியிட்ட பாதியும் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இன்னும் இரண்டு காரணம். ஒன்று முகவரி. அந்த மென்பொருள் தலைப்பிலிருந்து முகவரி செய்யும், ஆனால் ஆங்கில எழுத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். தமிழ்த் தலைப்பை முழுக்க உதிர்த்துவிட்டு ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று வைக்கும். அதே மாதத்தில் அடுத்தது வந்தால் பின்னால் ஒரு எண். டீச்சரின் 412இல் 350க்கு மேல் இந்தப் பெயர்தான், ஒரே வகுப்பில் எல்லாருக்கும் முருகன் என்று பெயர் வைத்த மாதிரி. விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு வைத்து வெளியிட்டு, முகவரி உருவானதும் தமிழுக்கு மாற்றுவார்கள். பிற்பாடு முகவரியை நாமே எழுதும் வசதி வந்தது. டீச்சருக்கு இரண்டுமே தெரியாது.

இரண்டாவது, குறிச்சொல். பனி, குறிஞ்சி, பூண்டு, காட்டெருமை என்று அவர் ஒவ்வொரு பதிவுக்கும் ஒழுங்காகக் குறிச்சொல் போட்டிருந்தார். நூலக அட்டை மாதிரி. ஆனால் அந்தச் சேவையில் குறிச்சொல் பக்கங்கள் எல்லாம் ‘சர்ச்’ என்ற பாதைக்குக் கீழே இருக்கும். தேடுபொறிகள் எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பாதையை முன்கூட்டியே தடுத்து வைத்திருந்தார்கள். ஒரே பதிவு பல முகவரியில் எண்ணப்படாமல் இருக்க அப்படிச் செய்வார்கள், தப்பில்லை. ஆனால் ‘பனி’ என்று டீச்சர் கட்டிய அலமாரிக்குள் தேடுபொறி எட்டிப் பார்த்ததே இல்லை.

புதிய தளத்தை ஹியூகோவில் கட்டினேன். கட்டற்ற மென்பொருள். எழுத்துக் கோப்புகளைக் கொடுத்தால் சாதாரணப் பக்கங்களாகத் தளம் முழுவதையும் கட்டிக் கொடுத்துவிடும், தரவுத்தளம் கிடையாது. முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா என்று யோசித்தேன். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் இணைய முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மலைப்பாம்பு மாதிரி நீளும். அதனால் ஆண்டு, மாதம், நாள் மட்டும். பனிக்குறிப்புக்கு அதைவிட நல்ல பெயர் ஏது? குறிச்சொல் பக்கங்களைத் தேடுபொறிக்குத் திறந்துவிட்டேன்.

தலைப்புதான் இழுபறி. தேடல் முடிவில் காட்ட ஒரு தலைப்பு வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் தேடுபொறி தானாக எதையாவது எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆளுக்கொரு தலைப்பு யோசிக்கலாம் என்றேன். “இல்லாததை இப்போ எதுக்குடா வைக்கணும்?” என்றார். கடைசியில் பக்கத்தின் உள்குறியில் மட்டும் பதிவின் முதல் வரி தலைப்பாகப் போகும்படி வார்ப்புருவை மாற்றினேன். திறந்து படிப்பவர் கண்ணுக்குத் தலைப்பு இல்லை. தேடுபொறிக்கு உண்டு.

முகப்பை டீச்சரே சொன்னார். பழைய தளத்தில் புதியது மேலே, பழையது கீழே. எல்லா வலைப்பதிவு மென்பொருளும் அப்படித்தான் வந்திருக்கின்றன, யாரும் கேள்வி கேட்பதில்லை. செய்திக்கு அது சரி. குறிஞ்சிக்கு? 2006 குறிஞ்சியைப் பார்க்க ‘பழைய இடுகைகள்’ என்பதை நாற்பது முறை அழுத்த வேண்டும்.

“மலையில வருஷத்த யார் பாக்குறா? மாசத்தைத்தான் பாப்பாங்க.”

பன்னிரண்டு மாதப் பக்கம் போட்டேன். ஜனவரியைத் திறந்தால் எல்லா ஆண்டுகளின் ஜனவரியும் நாள் வரிசையில் ஒன்றாக வரும். முகப்பில் ஆறு வரி ஜாவாஸ்கிரிப்ட், அன்றைய மாதத்தைப் பார்த்து அந்தப் பக்கத்தைக் காட்டும். வேலை முடிந்து முதலில் ஜனவரியைத் திறந்தபோது பனி விழுந்த நாட்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, 2007, 2009, 2012 என்று கலந்து நின்றன. பேரனுக்கு அந்த ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது.

பழைய தளத்தை அழிக்கவில்லை. அங்கிருந்து வேறு களத்துக்குத் தானாகத் திருப்பிவிட வழி கிடைக்கவில்லை, உச்சியில் ‘இப்போது இங்கே’ என்று ஒரு வரி மட்டும் வைத்தேன். 10 இடங்களைப் புதியதில் சேர்க்க வேண்டாம் என்றார். ஆள் வருவதே அதற்குத்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

“வரட்டும்னு எழுதினது, வந்துட்டாங்க. போதும்.”

சரி என்று விட்டுவிட்டேன். ஏழு உணவுகளை மட்டும் அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன். அதில் பூண்டுக் குழம்பு நன்றாக எழுதியிருக்கிறார்.

போன வாரம் மறுபடி வந்தார். பையில் ஆறு டைரிகள். 2014 முதல் 2019 வரை, ஆண்டுக்கொன்று. பதிவு எழுதுவதை நிறுத்திய பிறகு பனியை இதில் குறித்திருக்கிறார். இதையும் ஏற்ற முடியுமா என்றார். 2018 குறிஞ்சியும் இதில்தான் இருக்கிறது. ஸ்கேன் பண்ண ஒன்றைப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் நாள், மாதம், கிழமை அச்சாகி இருக்கிறது. அதற்குக் கீழே, முதல் வரியில், டீச்சர் கையெழுத்தில் அதே நாள், மாதம், கிழமை.